தரை நனையக் கூடாத கம்ப்ரஸர்

மூக்கு உள்ள மட்டும் சளி உண்டு என்பார்கள். அதை முதலில் சொன்னவருக்குக் கம்ப்ரஸர் பழக்கம் இருந்திருக்க வேண்டும். காற்றை அமுக்கினால் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகப் பிழிந்து வந்தே தீரும். அதை அடிக்கடி திறந்துவிட வேண்டும், மூக்கைச் சிந்துகிற மாதிரி. எனக்குத் தெரிந்த தொழில் மொத்தமும் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, கழற்றிப் பார்த்துக் கற்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். தீயணைப்புக்கான தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பார்க்க டைவர் வந்திருக்கிறாராம். ஞாயிறு ஒரு நாள்தான் உற்பத்தி லைன் நிற்கும், அன்றைக்கே இறங்கியாக வேண்டுமாம். ஆனால் அங்கே மூச்சுக்காற்று நிரப்புகிற கம்ப்ரஸரில் பிடித்த காற்றைச் சுவாசிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம். படப்பையிலிருந்து வண்டியைக் கிளப்பினேன்.

டைவர் ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், ஒல்லியான ஆள். கம்ப்ரஸர் அறை வாசலில் நின்றிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் சிலிண்டர் ஒன்றைத் தலைகீழாகத் தூக்கி, வால்வைத் துளி திறந்து, கீழே என் உள்ளங்கையைப் பிடித்து வைத்தார். புகை மாதிரி வெள்ளையாகச் சீறியது. பின்னாலேயே இரண்டு சொட்டுத் தண்ணீர்.

“அண்ணே, தண்ணிக்குள்ள போறவன் தண்ணிய வெளிய விட்டுட்டுத்தான் போகணும். முதுகுல கட்டிக்கிட்டா போவாங்க?”

இது பழமொழியா, அப்போதே செய்ததா என்று கேட்க நினைத்தேன். அவர் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அறைக்குள் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. எல்லாப் பொருளைச் சுற்றியும் மஞ்சள் கோடு, துடைப்பத்துக்கும் தனிக் கட்டம். சுவரில் ‘சிறந்த பகுதி’ என்று ஒரு கேடயம். மாதாமாதம் ஆடிட்டர் வந்து சுத்தத்துக்கு மார்க் போடுவாராம், நான்கு மாதமாகக் கேடயம் அந்த அறையை விட்டு நகரவில்லை. கம்ப்ரஸரைக் கவனிக்கிற பென்னலூர்க்கார அம்மா முதலில் கேடயத்தைக் காட்டினார். பிறகுதான் மெஷின்.

ஃபில்டரைக் கழற்றினேன். போன மாதம்தான் மாற்றியது, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கனத்தது. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடி உண்டு. உள்ளே நீலமாக இருந்தால் காற்று காய்ந்திருக்கிறது, ரோஸ் ஆனால் ஈரம். அது கல்யாணப் புடவை ரோஸில் ஜொலித்தது. நிறம் மாறியதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“பாத்தேண்ணா. நல்லாத்தான கீதுன்னு வுட்டுட்டேன்.”

அடுத்து, தண்ணீர் திறந்துவிட்டதைக் குறிக்கிற தாள். கால் மணிக்கு ஒரு டிக், முத்து முத்தாக. கரண்ட் இல்லாமல் மெஷின் ஓடாத நாளிலும் டிக். மறுநாள் சனிக்கிழமைக்கும் டிக் போட்டாகியிருந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த டைவர், நாளைக்கு அவர் சாப்பிட்டாரா என்றும் அதில் இருக்கிறதா என்று விசாரித்தார்.

நான் மண்டியிட்டு அடியிலிருந்த, தண்ணீரை வெளியே விடுகிற ட்ரெய்ன் வால்வைத் திறந்தேன். அனுபவசாலி அல்லவா, சரியாக அதன் வாய்க்கு நேர் எதிரே மண்டியிட்டிருந்தேன். எண்ணெயும் தண்ணீரும் கலந்து மோர் நிறத்தில் பீய்ச்சியடித்தது, வயிற்றிலிருந்து தாடை வரை.

“உப்பு போட்டிருக்காண்ணே?” என்றார் டைவர்.

பாய்ந்தது நிற்கவே இல்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடியது. நான் வால்வை மூடுவதற்குள் அந்த அம்மா மாப்போடு வந்துவிட்டார். துடைக்கத் துடைக்க உண்மையும் வந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தரை நனைகிறது, ஆடிட்டர் மார்க்கை வெட்டுகிறார். அதனால் திறப்பதையே விட்டுவிட்டார்.

“தொறந்தா மார்க்கு பூடுது. தொறக்கலன்னா ஒருத்தரும் கேக்கல. நீங்களே சொல்லுங்க.”

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட மோரைத் துடைத்தபடி நின்றேன்.

டைவர்தான் பேசினார், விளையாட்டை விட்டுவிட்டு. ஈரம் சிலிண்டருக்குள் துருவாகும், துரு ஆக்ஸிஜனைத் தின்னும், ஊறிப்போன ஃபில்டர் எண்ணெய் வாடையைக்கூடப் பிடிக்காது என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், “கீழ எனக்குத் தொறக்க சன்னல் கெடயாதுக்கா,” என்றார்.

அந்த அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தார். மறுநாளைய டிக்குகளை அவரே அடித்து நீக்கினார்.

அதற்குப் பிறகு வேலை நேராகப் போனது. ட்ரெய்ன் வால்விலிருந்து ஒரு குழாயை இழுத்து, மூடியில் காற்று போக ஓட்டை போட்ட கேனுக்குள் விட்டேன். புது ஃபில்டர் போட்டேன். சிலிண்டர்களைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தோம். நல்லவேளை, துரு பிடிக்கவில்லை. வெதுவெதுப்பான காற்று விட்டு உலர்த்தினோம். சனிக்கிழமை அந்த அம்மா போனில் கால் மணிக்கொரு அலாரம் வைத்துக்கொண்டு நிரப்பினார். அலாரம் சேவல் கூவுகிற சத்தம். மதியத்துக்குள் பக்கத்து டிபார்ட்மென்ட் ஆட்கள் கோழி எங்கே என்று தேடி வந்துவிட்டார்கள்.

கேனுக்கு ஒரு மஞ்சள் கட்டம் ஒட்டினார். கட்டம் இருந்தால் பெயரும் இருக்க வேண்டுமாம். என்ன எழுதுவது என்று மூன்று பேரும் அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் ‘மோர் அல்ல’ என்று ஒட்டினோம்.

டைவர் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்தார். சொட்டு வரவில்லை. கண்ணாடி நீலம். சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி ஓரத்தில் நானும் அந்த அம்மாவும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தனையும் அவர் நிரப்பிய காற்று, அவருக்குக் கண் சிமிட்ட மனமில்லை. நடுவில் அவர் இடுப்பிலிருந்த போனில் சேவல் கூவியது. மெஷின் ஓடாதது மறந்து, ஓடிப்போய் வால்வைத் திறந்து மூடிவிட்டு வந்தார்.

டைவர் மேலே வந்து வாயிலிருந்ததைக் கழற்றினார். காற்று எப்படி என்று கேட்டேன்.

“காத்துல ஒண்ணுமே இல்லண்ணே.”

என் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஆனால் அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “இம்மாம் பாடுபட்டு ரொப்பினா, ஒண்ணுமே இல்லன்றாரு பாருண்ணா.”

விளக்குவதற்குள் டைவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கம்ப்ரஸர் அறைக்கு நடந்தார், சொட்டச் சொட்ட. வாசலிலிருந்து மஞ்சள் கட்டம் வரை முகம் தெரிகிற தரையில் ஒரு சின்ன ஓடையே ஓடியது. மறுநாள் காலை ஆடிட்டர் வருகிறார். அந்த அம்மா தரையைப் பார்த்தார், மாப்பை எடுத்தார், டைவரைப் பார்த்தார். மாப்பைத் திரும்ப அதன் கட்டத்தில் வைத்தார்.

“மொதல்ல தலைய தொவட்டுப்பா,” என்று துண்டை நீட்டினார்.