ஈ இல்லாத ஹைற்

வேலணையில் மிளகாய்த் தோட்டம் செய்யும் சறோஜினிதேவிக்கு வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களின்மீது தீராத விருப்பம் உண்டு. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிளைக் கைபேசியில் விளையாடத் தொடங்கியபோது அது பிறந்தது. சொற்களை அவர் அகரவரிசையில் கற்றதில்லை. ஒரே எழுத்துத் தொடரில் முடிபவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கற்றார். ஐ, ஜி, எச், ரி என முடியும் குடும்பத்தில் நைற்றையும் லைற்றையும் எல்லாரும் அறிவர். மனிதப் பிறவியைக் குறிக்கும் வைற், அலங்கரித்தலைக் குறிக்கும் டைற் என, இன்று எவரும் பேசாத உறவினரையும் அவர் தேடிப் பிடித்தார். தண்ணீர் பாய்ச்சும்போது அவற்றை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொள்வார்.

"அக்கா, மிளகாய்க்கு இங்கிலீசு விளங்குமோ?" என்பார் பக்கத்துத் தோட்டத்துச் சிவரூபி.

"உம்மைவிடக் கெதியா விளங்கும்."

சென்ற ஆவணியில் தமையன் நடராசா லண்டனிலிருந்து வந்தார். தனியே வாழும் தங்கையை உடன் அழைத்துச் செல்வதென்று முடிவுசெய்திருந்தார். சறோஜினிதேவிக்குப் போக மனமில்லை. தந்தைபோல் வளர்த்தவரிடம் முகத்துக்கு நேரே மறுக்கவும் இயலவில்லை. நடராசாவே ஒரு வழி திறந்தார். தாம் கொண்டுவந்த ஸ்கிரபிள் பலகையை மேசையில் விரித்தார்.

"நான் வெண்டா நீ பேசாமல் என்னோட வாறாய். நீ வெண்டா நான் லண்டன் கதையே எடுக்கமாட்டன். ஓமோ?"

"ஓம், அண்ணை."

ஆட்டம் முடியும் தறுவாயில் சறோஜினிதேவி சில புள்ளிகள் பின்தங்கியிருந்தார். கையில் ரி மட்டுமே எஞ்சியிருந்தது. உயர்ந்த என்னும் பொருளுடைய 'ஹை'யை எச், ஐ, ஜி, எச் என நடராசா வைத்தார். அதன் கடைசியில் சறோஜினிதேவி தம் ரியைச் சேர்த்தார்.

"ஹைற்."

நடராசா தொடையில் தட்டிச் சிரித்தார். "உயரத்துக்கு நடுவில ஈ வேணுமடி! எங்க, பறந்திட்டுதோ?"

"இது உயரமில்லை, அண்ணை. சத்தம் மட்டும்தான் ஒண்டு. 'இன்ன பேர் கொண்ட' எண்டதுக்கு அந்தக் காலத்தில சொன்னவை. பாருங்கோவன்."

நடராசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசி அகராதியைப் பார்த்தார். சொல் இருந்தது. வெற்றி தங்கைக்கே.

"வர விருப்பமில்லையெண்டு வாயால சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு அப்பிடிச் சொல்ல எனக்கு ஏலாது."

நடராசா பலகையை மடித்து வைத்தார். பின்பு லண்டனிலுள்ள மனைவியை அழைத்தார்.

"மீனாம்பிகை, அந்த மேல் அறையை வாடகைக்கு விடும். இவள் வரமாட்டாள்."

"ஏனாம்? இங்கிலீசு தெரியாதெண்டு பயமோ?"

"சும்மா இரும். எங்களுக்குத்தான் தெரியாது."