கீழ்வீட்டு அன்ரியின் ஐந்து மணிச் செய்தி

எட்டு வயதில் எனக்குப் பிரித்தானியாவின் பிரதமர் யார் என்று சரியாகத் தெரியாது. ஆனால் கரிபியன் கடலில் கிடக்கும் ஏழெட்டுத் தீவுகளின் பிரதமர்கள் யார், அவர்களில் யாருக்கு யாரோடு கோபம், புது விமான நிலையம் கட்டித் தருவதாக மூன்று தேர்தலாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் எவர் என்பதெல்லாம் அத்துப்படி. நான் விரும்பித் தேடிய அறிவு இல்லை இது. லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த அன்ரியால் வந்தது.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர ஷிப்ட். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் பகல் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் ஏழு மணிவரை என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கீழ்வீட்டு அன்ரி காலையில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை செய்துவிட்டு இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலில்தான் அவரும் ஞாயிறு பூசை கண்டார். அம்மாவுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. அவர் ஒரு சின்னத் தீவிலே பிறந்தவராம் என்று அம்மா சொன்னபோது, அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "தீவாரோ? எங்கட தீவார் மாதிரித்தான் இருப்பினம். நம்பி விடலாம்" என்று தீர்ப்பு வழங்கினார். யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கட தீவுக்கும் அவருடைய தீவுக்கும் இடையில் அரை உலகம் கிடந்தது அப்பாவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்ரியிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். ஐந்து மணிக்கு ரிவியை நிறுத்திவிடுவார். பேர்மிங்காமில் இருந்த அவருடைய மகன் வாங்கிக் கொடுத்த இணைய ரேடியோ ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. எங்களுக்கு மாலை ஐந்து மணி என்றால் அவருடைய தீவில் நண்பகல். முதலில் அந்தத் தீவின் செய்தி, பிறகு அயல் தீவுகளின் செய்தி, கடைசியில் மரண அறிவித்தல். இறந்தவருக்கு இங்கிலாந்தில் எத்தனை மருமக்கள், கனடாவில் எத்தனை பேரப்பிள்ளைகள் என்று அது நீண்டுகொண்டே போகும். எங்கள் வீட்டிலும் அப்பா வேலையால் வந்தவுடன் தமிழ் ரேடியோவில் இதையேதான் கேட்பார். இரண்டு வீட்டிலும் செய்தி நேரத்தில் நான் வாயைத் திறந்தால் ஒரே பதில்தான் வரும்: உஷ்.

அந்தச் செய்தியில் அடிக்கடி பேசும் அரசியல்வாதி ஒருவர் அன்ரியின் சொந்தத் தம்பி. எதிர்க்கட்சிக்காரர். அவர் குரல் வந்தவுடன் அன்ரி ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார். "பார் பிள்ளை, இப்பவும் சொற்களை விழுங்குகிறான்" என்று திட்டுவார். பிள்ளை என்ற சொல்லை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டார், மற்றதெல்லாம் ஆங்கிலம். திட்டி முடித்ததும் சத்தமில்லாமல் குரல் முடியும்வரை நிற்பார். கையில் கரண்டி இருந்தால் அதுவும் அப்படியே நிற்கும்.

அக்காவும் தம்பியும் பேசிப் பதினொரு வருடம். தாய் இறந்தபின் வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று தொடங்கிய சண்டை. "ரெண்டு பேருக்கும் ரோசம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தம்பியின் நம்பர் அன்ரியின் போனில் இருந்தது. தானாகப் போன் எடுத்துப் பேச ஒரு சாட்டு வேண்டும். தேர்தலில் அவன் வென்றால் வாழ்த்துச் சொல்ல எடுக்கலாம், அதை யாரும் இறங்கிப் போனதாகச் சொல்ல முடியாது என்று அம்மாவிடம் அவர் சொல்லியிருந்தார். அம்மா அதற்காக ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினார்.

அந்தத் தேர்தலும், நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மையும் ஒரே வாரத்தில் வந்தன.

முதல் நன்மை சனிக்கிழமை. கோயில் மண்டபத்தில் சாப்பாடு, அறுபது எழுபது சனம், ரோல்ஸும் பற்றிஸும் அம்மாவின் பொறுப்பு. கேக் அன்ரியின் பொறுப்பு. மாதக்கணக்கில் ரம்மில் ஊறிய பழங்கள் போட்ட மூன்று தட்டுக் கேக், மேலே வெள்ளை ஐசிங், சுற்றிவர ரோசாப்பூக்கள். மறைக்கல்வி வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளிடமும் அதைப்பற்றி அளந்து விட்டிருந்தேன். கடையில் வாங்கிய கேக் வெட்டப் போகிறவர்களைப் பார்த்து எனக்கு உண்மையாகவே பரிதாபம் வந்தது.

தேர்தல் முடிந்தது. தம்பியின் கட்சி தோற்றுவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று அன்ரி அடுப்பை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தவர் நான் வீட்டுக்குப் போகும்வரை எழும்பவில்லை. ஆனால் தம்பியின் தொகுதியில் மட்டும் முடிவு இழுபட்டது. வாக்குகளை மறுபடியும் எண்ணுகிறார்கள், வெள்ளிக்கிழமை நண்பகல் செய்தியில் சொல்வார்கள் என்றார்கள். அன்ரிக்கு உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு இரண்டு தட்டுகள் முடிந்து, மூன்றாவது தட்டு மொட்டையாக இருந்தது. அப்போது பார்த்து ஐசிங் சீனி தீர்ந்துவிட்டது. அன்ரி மணியைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைக்குப் போய் வர முக்கால் மணி நேரம் வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு, "நீ கேட்டுச் சொல். ஒரு சொல்லும் விடக்கூடாது" என்று என் தோளைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஓடினார்.

நான் கேட்டேன். ஒரு சொல்லும் விடவில்லை. மறு எண்ணிக்கை முடிந்தது, அவர் தோற்றுவிட்டார், அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய வாக்குகளால். அடுத்து வாழைக்குலை ஏற்றுமதி பற்றி ஏதோ வந்தது. நான் கேக்கின் மொட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் அன்ரி போய்ப் படுத்துவிடுவார். நாளைக்குக் காலையில் என்னுடைய கேக் மொட்டைத் தலையோடு மண்டபத்துக்கு வரும்.

எங்கள் வீட்டில் கெட்ட செய்தியை நேரே சொல்வது மரியாதைக் குறைவு. பெரியப்பா யாழ்ப்பாணத்தில் செத்த அன்று, அப்பா வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. பிறகு, "அண்ணைக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்றார். தேத்தண்ணி குடித்தபிறகுதான் மிச்சம். நானும் அந்த வழக்கப்படிதான் நடந்தேன், அன்ரி ஐசிங் வேலையை முடிக்கட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லி வந்தேன். அது சும்மா கதை. எனக்குக் கேக் வேண்டும். அவ்வளவுதான்.

கதவு திறந்ததும் அன்ரி என் முகத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. கையில் சீனிப் பெட்டி.

"வென்றிட்டார்" என்றேன்.

அன்ரி பெட்டியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக் குசினியில் ஒரு சுற்றுச் சுற்றினார். அழுதார், சிரித்தார், நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். தம்பி எடுக்கவில்லை, குரல் பதிவுதான் வந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியோடு பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, உங்கள் அக்கா பேசுகிறேன்" என்று தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியவில்லை. சனங்கள் உன்னை எப்படி மதிக்கிறார்கள் என்று இன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது, நம்முடைய அம்மா மோட்சத்திலிருந்து கை தட்டிக்கொண்டிருப்பா என்றார். முடிக்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. அன்ரி அதே சிரிப்போடு மூன்றாவது தட்டுக்கு ரோசாப்பூ வைத்தார். பிறகு மேலே வந்து இரவு முழுவதும் அம்மாவோடு ரோல்ஸ் பொரித்தார். ரேடியோப் பக்கம் போக அவருக்கு நேரமே இல்லை.

முந்திய வாரம்தான் எனது முதலாவது பாவசங்கீர்த்தனம். சுவாமியாரிடம் சொல்லப் பாவம் போதாமல், பள்ளிக்கூடத்தில் அழிறப்பர் எடுத்ததை இரண்டு தரம் சொன்னேன். இப்போது சொல்ல நல்ல பெரிதாக ஒன்று இருந்தது, சொல்லத்தான் இடம் இல்லை. சனிக்கிழமை வெள்ளைச் சட்டையும் முக்காடும் போட்டுக்கொண்டு, அந்தப் பொய்யோடு நற்கருணை வாங்கினேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு கரையாமல் கிடந்தது. முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்தார்.

மண்டபத்தில் அன்ரி பச்சைத் தொப்பியோடு வருகிறவர்கள் எல்லோரிடமும் தம்பி வென்ற கதையைச் சொன்னார். அப்பா கையைக் குலுக்கி, "எங்களுக்கும் பாராளுமன்றத்திலை ஒரு ஆள் இருக்குதெண்டு சொல்லலாம்" என்றார். கேக்கை வெட்டப் போகும் நேரம் அன்ரியின் தீவைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்தார். கோயிலில் காணிக்கை எடுப்பவர், எனக்கும் தெரிந்தவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி, தம்பியின் தோல்விக்குத் தன் அனுதாபம் என்றார். இத்தனை கொஞ்ச வாக்குகளால் தோற்பது கொடுமை என்றார்.

அன்ரி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி, கையில் கத்தியோடு நின்ற என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான். பிறகு பெரியவரிடம், "நான்தான் பிழையாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது" என்றார். அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, "ரேடியோக்காரர் பிழையாச் சொல்லியிருப்பினம், பிள்ளையும் பாவம் சின்னது" என்று தமிழிலேயே ஆறுதல் சொன்னார். அன்ரி தலையை ஆட்டினார். கேக்கை வெட்டச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நான் வெட்டினேன். அவ்வளவு ருசியான கேக்கை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை என்று சொல்லவும் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது அன்ரி மேசையில் போனோடு இருந்தார். கத்தவில்லை. அதனால் எனக்கு இன்னும் பயம் கூடியது. ஆறு தரம் தம்பிக்குப் போன் பண்ணினாராம், அவன் எடுக்கவில்லையாம். தோற்றுப்போய் நிற்கிற நாளில் அக்கா போன் பண்ணிச் சிரித்தாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். "நான் சொன்னால் சாட்டு என்று நினைப்பான். பிள்ளை சொன்னால் நம்புவான். அன்ரிக்கு நான்தான் பிழையாகச் சொன்னேன் என்று ஒரு வசனம் சொல்லிவிடு. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்."

நம்பரை அழுத்தி என் கையில் தந்தார். தான் பக்கத்தில் நின்றால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று மற்ற அறைக்குப் போய்க் கதவையும் சாத்திக்கொண்டார்.

மணி அடித்தது. பிறகு அந்தக் குரல், ரேடியோவுக்குள்ளே நான் தினமும் கேட்ட அதே குரல், செய்தியைச் சொல்லச் சொன்னது. பீப் என்றது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு பாராளுமன்றக் குரலுக்கு என் பொய்யை நான் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் போனுக்குள் மூச்சு விட்டேன். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அன்ரி கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டன்" என்றேன், ஆங்கிலத்தில்.

அவர் என் தலையைத் தடவி, நீ நல்ல பிள்ளை, நன்றி என்றார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அன்ரி போனைக் கையை விட்டு இறக்கவில்லை. சமைக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில், கழுவும்போது யன்னல் விளிம்பில், எப்போதும் முகம் மேலே பார்க்க வைத்திருப்பார். பேர்மிங்காம் மகன் எடுத்தால் சீக்கிரம் வை, சீக்கிரம் வை என்பார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கேக் விஷயம் முடிந்துபோனது என்றுதான் நினைத்தேன்.

மூன்று நான்கு கிழமை போயிருக்கும். அவர் உடுப்பு ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அன்றைக்கு நீ தெளிவாகச் சொன்னாய்தானே, பிள்ளை?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"நீதான் பிழையாகச் சொன்னது என்று?"

ஓம் என்றேன்.

"அப்படியென்றால் அவன் கேட்டிருக்கிறான்" என்றார். "கேட்டும் எனக்குப் போன் எடுக்கவில்லை."

ஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். பிறகு அடுத்த சட்டையை எடுத்தார். அன்றிலிருந்து போன் அவருடைய கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. இனி அன்ரி இதைப்பற்றிக் கேட்கமாட்டார் என்பது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. தம்பி விஷயம் தெரியாமல்தான் கோபித்திருக்கிறான், தெரிந்தால் எடுப்பான் என்ற ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு அவர் அத்தனை நாளும் இருந்தார் என்பதும், இரண்டு தரம் ஓம் சொல்லி அதையும் நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன் என்பதும் விளங்கவில்லை. விளங்கிய காலத்தில் நான் வளர்ந்துவிட்டேன். அவர் தம்பியைப்பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.