சுவிஸ் தவிர்ந்த பனிமலைகள்

1. அப்பா சமைக்கும் உணவகத்தில் புகைபோக்கி மாற்றவேண்டியிருந்ததால், பெப்ரவரியில் ஒரு கிழமை அடுப்பை அணைப்பதென்று முதலாளி தீர்மானித்தார்.

2. அப்பாவுக்கு முழுதாக ஏழு நாள் விடுமுறை கிடைத்தது. அதை நம்ப அவருக்கு மூன்று நாள் எடுத்தது.

3. பனியில் சறுக்கப் போவோம் என்றார். இருபத்தைந்து வருடம் பிரான்சில் இருந்தும் பனிமலையை மெட்ரோ விளம்பரத்தில்தான் கண்டிருக்கிறாராம்.

4. மலை வெளிநாட்டில்தான் இருக்கவேண்டும் என்றார். போன வருடம் கிடைத்த பிரெஞ்சுப் பாஸ்போட் இன்னும் ஓர் எல்லையையும் காணவில்லை.

5. அம்மா, "எங்கையெண்டாலும் போவம், சுவிஸ் மட்டும் வேண்டாம்" என்றார்.

6. இடத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் அட்டவணை போடுபவள் நான்தான்.

ஐந்தாவதுக்கு விளக்கம் தேவை. அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, சுவிஸில் இருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய மகளுக்குக் கலியாணம் நடந்தது. அழைப்பிதழைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எங்கள் ஆட்களின் வழக்கப்படி அது அறிவித்தல், அழைப்பு ஆகாது. கூடப்பிறந்தவளுக்கு வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும். நாடு வேறென்றால் தொலைபேசியிலாவது வாயால் சொல்லவேண்டும். அம்மா மூன்று கிழமை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அறுபது பேருக்குப் போட்ட படத்திலை நானும் ஒருத்தியோ?" என்று கேட்டார். கலியாணத்துக்குப் போகவில்லை.

சின்னம்மாவின் பதில் உறவினர் வழியாக வந்து சேர்ந்தது. "அக்கா வந்து முன்னுக்கு நிண்டு நடத்தவேண்டிய ஆள். வீட்டுக்காரிக்கு ஆரும் அழைப்புச் சொல்லுவினமோ?"

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் நான்கு வருடமாக இருவரும் கதைக்கவில்லை. அம்மாவுக்கு வேறு சகோதரம் கிடையாது. மாமியார் வீட்டுக் கதையென்றாலும் முட்டுவலிக் கதையென்றாலும் முன்பெல்லாம் சின்னம்மாவுக்குத்தான் சொல்வார். இப்போது எனக்குச் சொல்கிறார். நான் கேட்டுவிட்டுத் தீர்வு சொல்கிறேன், அது அவருக்குப் பிடிப்பதில்லை.

இந்த நிலையில் சுவிஸுக்குப் போய்ச் சின்னம்மா வீட்டில் தலையைக் காட்டாமல் திரும்பினால் அது ஆயுள் முழுக்கப் பகை. அழைக்காமல் போய் நின்றாலோ அம்மா தோற்றுவிட்டார் என்று அர்த்தம். ஆகவே சுவிஸ் நீக்கப்பட்டது.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலை செய்கிறேன். ஒஸ்ரியா, இத்தாலி, அன்டோரா என்று பதின்மூன்று இடங்களை எடுத்தேன். பனி எவ்வளவு, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், புதிதாகப் பழகுபவர்களுக்குச் சரிவு உண்டா, அறையில் அடுப்பு உண்டா என்று அட்டவணையில் நிரல்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்தேன். அடுப்பு நிரலைக் கண்டதும் அப்பா, "அடுப்பு வேண்டாம். நான் லீவிலை எல்லே போறன்" என்றார். அம்மா, "அப்ப ஏழு நாளும் பாண் திண்டுகொண்டோ சறுக்கிறது?" என்றார். அடுப்பு நிரல் அப்படியே இருந்தது.

அப்பா தன் பங்குக்கு ஒரு நிரல் கேட்டார்.

"அங்கை பாஸ்போட் பாப்பினமோ?"

"ஒஸ்ரியாவிலை பெரும்பாலும் பாக்கமாட்டினம், அப்பா."

"நாங்களாக் காட்டினால்?"

"காட்டலாம். ஆரிட்டைக் காட்டுறது?"

அப்பா யோசித்தார். "ஹொட்டல்காரனிட்டைக் காட்டுவம்."

அம்மா கேட்ட நிரல், எங்கள் உறவினர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. நூறு கிலோமீற்றருக்குள் ஒருவர் இருந்தால் எட்டிப்பார்க்காமல் வரமுடியாது. எட்டிப்பார்த்தால் மத்தியானச் சாப்பாடு, பின்னேரத் தேநீர், கலியாண வீடியோ, பக்கத்துத் தெருவிலுள்ள அவர்களுடைய மச்சாள் என்று ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே தூரம் கூடக்கூடப் புள்ளியும் கூடுவதுபோல் சூத்திரம் எழுதினேன்.

ஒஸ்ரியாவில் ஒரு கிராமம் முதலாவதாக வந்தது. முந்நூறு கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்குள் உறவினர் ஒருவரும் இல்லை.

"அங்கை காய்ச்சல் வந்தால் ஆரிட்டைப் போறது?" என்றார் அம்மா.

இரண்டாவது அன்டோரா. "பஸ்ஸிலை வளைஞ்சு வளைஞ்சு ஏறவேணும். எனக்குச் சத்தி வரும். மணந்து பாக்க ஒரு தேசிக்காய் கேக்கவும் ஆளில்லை."

மூன்றாவது இத்தாலி. "பாசையும் தெரியாது, மனுசரும் தெரியாது."

வேலையில், மூன்று வேறு திரைகளில் ஒரே பிழைச்செய்தி வந்தால் கோளாறு ஓரிடத்தில்தான் இருக்கும். நான் குறித்துக்கொண்டேன்.

"அப்ப எங்கைதான் போறது?" என்று அப்பா கேட்டார்.

"எங்கையெண்டாலும் எண்டுதானே நான் சொன்னனான்."

அந்தச் சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்க, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாசப்பலுக்கு நடந்தேன். நாங்கள் வழக்கமாக வாங்கும் மரக்கறிக் கடை அண்ணை தராசில் கண் வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன தங்கச்சி, பனிக்குப் போறியளாம்?"

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பா எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

"ஓம் அண்ணை. இடம் பாக்கிறம்."

"சுவிஸிலை சின்னம்மா இருக்கிறா எல்லே? பிறகென்ன இடம் பாக்கிறது?"

"சுவிஸ் லிஸ்ட்டிலை இல்லை."

"ஆர் வெட்டினது?"

"அம்மா."

அவர் முருங்கைக்காயைப் பையில் போட்டார். "அப்ப இன்னும் முடியேல்லையோ அது?"

"இல்லை. ஆனால் வேற எந்த நாடும் அம்மாக்குப் பிடிக்கேல்லை."

இதுதான் நான் விட்ட பிழை. அவருடைய மச்சான் கிழமைதோறும் சுவிஸிலுள்ள கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோகிறவர். அந்தக் கடைகளில் ஒன்றில்தான் சின்னம்மா சாமான் வாங்குகிறார். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னதைப் பிழை என்பதா என்று இப்போது யோசிக்கிறேன்.

அடுத்த கிழமை ஞாயிறு பகல், அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. திரையில் "தங்கச்சி சுவிஸ்" என்றிருந்தது. அம்மா கையைக் கழுவினார். துடைத்தார். திரும்பவும் கழுவினார். மணி நிற்கப்போகிற நேரத்தில் நான் பட்டனை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா."

"ஓம்."

"அத்தான்ர கால் என்ன சைஸ்?"

அம்மா என்னைப் பார்த்தார். அடுத்த அறையிலிருந்து அப்பா, "நாப்பத்திரண்டு!" என்று கத்தினார்.

"அது சப்பாத்து. இது சறுக்கிற பூட்ஸ். சென்ரிமீற்றரிலை வேணும். தடிச்ச கால்மேஸ் போட்டு அளந்து சொல்லுங்கோ. பள்ளிக்கூட லீவு வருது, இப்பவே சொல்லிவைக்காட்டில் நல்ல சோடி எல்லாத்தையும் கொண்டுபோயிடுவினம்."

"கொஞ்சம் பொறு" என்றார் அம்மா.

நான் அச்செடுத்து வைத்திருந்த அட்டவணையை அம்மா குப்புறத் திருப்பித் தரையில் போட்டார். அப்பா இருந்ததிலேயே தடித்த மேஸைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு ஒஸ்ரியாவின் முதுகில் ஏறி நின்றார். அம்மா பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

"ஆடாதேங்கோ."

"கூசுது."

"இதுக்கே கூசினால், அத்தான், மலையிலை என்னெண்டு நிக்கப்போறியள்?" என்றது தொலைபேசி.

"இவர் வீட்டிலையே நேரா நிக்கமாட்டார்" என்றார் அம்மா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு இருபத்தாறரை. எனக்கு இருபத்துநான்கு.

"உங்களுக்கு, அக்கா?"

"நான் சறுக்கேல்லை."

"சறுக்காட்டிலும் பனியிலை நடக்கவேணுமெல்லே. சொல்லுங்கோ."

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு தன் பாதத்தைத் தானே வரைந்தார். "இருபத்திமூண்டு."

"அப்ப என்ரை அளவுதான். உங்களுக்கு வாங்கத் தேவையில்லை, என்ரையைப் போடலாம்."

தொலைபேசியை வைத்தபிறகு அப்பா மேஸுடனேயே நின்று கேட்டார். "அப்ப, இது அழைப்போ?"

அம்மா மீனிடம் திரும்பிப் போயிருந்தார். "வாயாலை கேட்டவள். எனக்குத்தான் எடுத்துக் கேட்டவள்" என்றார். "மேஸைக் கழட்டுங்கோ, கிழிஞ்சிடும்."

சின்னம்மாவின் ஊருக்கு மேலே ஆட்களை மேலே இழுத்துக்கொண்டுபோகும் ஒரேயொரு இழுவை உள்ள சின்ன மலை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்குச் சறுக்கப் பழக்கும் ஒரு பெண்ணும் அங்கே இருக்கிறார். அதைப் பதினான்காவது இடமாக அட்டவணையில் சேர்த்தேன். பதினான்காவதாகவே வந்தது. உறவினர் நிரலில் தூரம் குறையக்குறையப் புள்ளி கூடுவதுபோல் சூத்திரத்தைத் திருப்பி எழுதினேன். அப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தது.

"ரெண்டாவதே காணும், போவம்" என்றார் அம்மா.

இன்றைய நிலை இது. மூன்று ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தங்குவது சின்னம்மா வீட்டில். அம்மாவும் அவரும் தினமும் கதைக்கிறார்கள், பெரும்பாலும் எதை யார் சமைப்பது என்பதைப் பற்றி. கலியாணத்தைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.