சைக்கிளில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஜோடி பார்க்கிற வேலை. இடதையும் வலதையும் சேர்த்துப் பிடித்து, நிறமும் தையலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். ஒத்துப்போகாத இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். வீட்டிலும் எனக்கு அதே கண்தான் என்று என் கணவருக்கு நெடுநாள் குறை. இரண்டு தோசை ஒரே அளவில் இல்லையென்றால் முறைக்கிறேனாம்.

போன வருடம் நாட்றம்பள்ளியில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து பச்சை சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். வேலூரில் பழைய சைக்கிள் கண்காட்சி நடக்க இருந்தது. எல்லா பாகமும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால்தான் வரிசையில் நிற்க வைப்பார்கள். இவரோ, கண்காட்சியில் தன் சைக்கிள் நிற்கப்போகிறது என்று டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

"அத்தனையும் ஒரிஜினலு. வேணும்னா நீயே பாத்துக்கோ" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பார்த்தேன். பெடலைத் தாங்கும் இரும்புக் கையில், வலப்பக்கம் கம்பெனி முத்திரை இருந்தது, இடப்பக்கம் மொட்டை. ஒரு அம்பு ஒட்டினேன். முன் மட்கார்டில் பொன் கோடு இரண்டு, பின்னதில் ஒன்று. அதற்கொரு அம்பு. முன் ஃபோர்க்கின் பச்சை கொஞ்சம் மஞ்சளடித்தது. சீட்டு தோல்தான், ஆனால் அசல் நம்ம ஊர்த் தோல். தையல் நூல்கூடப் புதுசு. அந்த இரண்டுக்கும் ஒவ்வொரு அம்பு.

"சைக்கிளப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"சைக்கிளப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க. ஜோடியப் பத்தித் தெரியும்."

அந்தக் கோபத்தில் இவர் வாரம் முழுக்க சைக்கிளைத் தொடவில்லை. என்னோடும் பேச்சு கம்மி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வை போர்த்தி வைத்ததை அப்படியே தோஸ்தின் குட்டியானை மினி லாரியில் ஏற்றினார். வேலூரில் போர்வையை எடுத்த பிறகுதான் அம்புகள் அப்படியே இருப்பது தெரிந்தது. சீட்டில் ஒட்டியது மட்டும் இல்லை. வழியில் போர்வை உரசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

கண்காட்சி நடத்தும் பெரியவர் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இத வரிசையில வெக்க முடியாதுங்க" என்றார். இவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. பேசாமல் அந்த அம்புகளைப் பிய்த்தாவது போட்டிருக்கலாம்.

பெரியவர் இன்னொரு முறை அம்புகளைப் பார்த்தார். "வாசல்ல வையுங்க. பழைய சைக்கிள் வாங்கறவங்க எங்க ஏமாறுவாங்கன்னு இதப் பாத்தே தெரிஞ்சிக்கலாம்."

அவ்வளவுதான், இவரைப் பிடிக்க முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு அம்பாகத் தொட்டுக் காட்டி, தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினார். கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. சில பேர் என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். வீட்டுக்காரரை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று நானும் பெருமையாகச் சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் சைக்கிளைக் குட்டியானையில் அனுப்பிவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பும்போது, பின்சீட்டு அம்மா என் தோளைத் தட்டினார். "முதுகுல இன்னாமோ ஒட்டியிருக்குதும்மா." கையை விட்டு எடுத்தேன். காணாமல் போன சிவப்பு அம்பு.

"இது இன்னாங்க?"

பக்கத்தில் இருந்த இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஜோடி சேரலன்னு ஒட்னேன்."

"அப்போ திருப்பி அனுப்பிடுங்க."

"எங்க அனுப்பறது? இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸே கெடைக்கறதில்ல."

அந்த அம்பை அவர் சட்டைப் பையின்மேல் ஒட்டினேன். ஆம்பூரில் இறங்கும்வரை அவர் அதை எடுக்கவில்லை.