எரிந்த காட்டிலிருந்து வந்த ஆமைகள்

பெக்கான் நானாஸ் ஊர்ப் பக்கம் அன்னாசித் தோட்டங்களை ஒட்டிய சதுப்புக் காடு எரிந்தபோது, நான் தெப்ரா வட்டாரத்தில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் வேலை செய்தேன். ஊசி போடும்போது பூனைகளைப் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் என் வேலை. காய்ந்துபோன அந்தச் சதுப்பு மண்ணுக்கு அடியில் தீ வாரக்கணக்கில் புகைந்தது. அணைந்த பிறகு, வனவிலங்கு அதிகாரிகள் பழக்கூடைகளில் ஐந்து ஆமைகளைக் கொண்டுவந்தார்கள். ஓடுகள் கருகி, ஓரங்கள் வெடித்திருந்தன.

முதல் வாரத்திலேயே இரண்டு இறந்துவிட்டன. கிளினிக்கில் இடம் போதாததால், பெரிய பெண் ஆமையை அதிகாரிகளின் அனுமதியோடு என் வீட்டுப் பின்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இது ஒன்று காட்டுக்குத் திரும்பினால்கூட இன்னும் பல வருடங்கள் முட்டையிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் புண்ணைக் கழுவி மருந்து பூசினேன். கீரை, பப்பாளி, வாழைப்பழம் எதையும் அது தொடவில்லை. ஒன்பதாம் நாள் சமையலறையில் நின்று அழுதேன்.

என் வீட்டுக்காரர் தினமும் எல்லைப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவர். வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருக்காது. மறுநாள் ஒரு பொட்டலம் காளானோடு வந்தார். பாலத்து நெரிசலில் நின்றபடி, காட்டு ஆமைகள் என்ன தின்னும் என்று போனில் தேடியிருக்கிறார். உடைகூட மாற்றாமல் அதன் முன்னே குந்தி, ஒரு துண்டை நீட்டினார். வெகுநேரம் கழித்துத் தலை வெளியே வந்து கடித்தது.

“மெதுவா சாப்புடு லா,” என்றார். “யாரும் புடுங்க மாட்டாங்க.”

அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது.

எரிந்த இடத்தில் மண் மறுபடி காய்ந்துவிடாமலிருக்க, நீரை வடித்துவிடும் கால்வாய்களை அடைத்துத் தண்ணீர் தேக்கினார்கள். பெரணிச் செடிகள் மண்டும்வரை காத்திருந்தோம். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மூன்று ஆமைகளையும் ஓட்டில் இருக்குமிடம் காட்டும் சமிக்ஞைக் கருவி ஒட்டி அங்கே கொண்டுபோனோம். லீவு எடுக்கவே எடுக்காத மனிதர் அன்று லீவு போட்டார். மற்ற இரண்டும் உடனே நகர்ந்தன. எங்களுடையது ஓட்டுக்குள்ளேயே கிடந்தது.

“தூக்கிச் செடிக்குள்ள வச்சிடலாமாங்க?” என்றேன்.

“வேணாம். அதுவா போகட்டும்.”

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டோம். மழை தூறத் தொடங்கியதும் அது எழுந்து, பெரணிகளை விலக்கிக்கொண்டு போனது. அவர் என் கையைப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அடுத்த ஆண்டு அதிகாரி ஒரு படம் அனுப்பினார். அதே இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆமைக்குஞ்சு. எந்த ஆமையினுடையது என்று சொல்ல முடியாதாம். என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ‘எங்க ஆமையோட குஞ்சு’ என்று எழுதி, படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.