ட்வைலாவின் ஐந்து நிமிடம்

லிண்டர் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலா பிராண்டிஸுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. இருபத்து மூன்று வருடமாக அதே மஞ்சள் பேருந்து, சோயா வயல்களுக்கு நடுவே அதே சரளைச் சாலை. ஒரு நாளும் ஒருவர் வீட்டுத் தபால் பெட்டியைக்கூட அவள் உரசியதில்லை. ஆனால் ஊர் அதைப் பற்றிப் பேசாது. "நர்ஸ் படிப்பைப் பாதியில விட்டவ" என்றுதான் சொல்லும். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் படிப்பை விட்டாள். அதே வருடம் நிச்சயம் செய்திருந்தவனையும் விட்டாள். அம்மா போன பிறகு எதையும் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. அவள் கை வைத்தது எதுவும் முடிவைக் கண்டதில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

அவளுடைய தம்பி மெர்ல், போர்க்கப்பல் சண்டைக்காரன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாட்டு டாக்டர் ஹாலிஸின் பண்ணைக் குளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இரண்டு அணியாகப் பிரிவார்கள். ஆள் ஒருவர் நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிற அளவுக் கப்பல்கள். கரையில் நின்று ரேடியோவால் ஓட்டுவார்கள். உள்ளே வாயுக் குப்பி, நிஜமாகவே சுடும் பீரங்கி, மிளகு அளவு இரும்புக் குண்டு. கப்பலின் பக்கவாட்டுப் பலகை பால்சா மரம், அட்டையைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். குண்டு பட்டால் ஓட்டை. ஓட்டை நிறைந்தால் கப்பல் முழுகும்; முழுகிய இடத்தை அதிலிருந்து மேலே எழும் ஒரு மிதவை காட்டும், உடையவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வரவேண்டும். இதை விளையாட்டு என்று சொன்னால் அந்த ஆண்களுக்குக் கோபம் வரும்.

பதினொரு வருடமாக ட்வைலா அந்தக் குளக்கரைக்குப் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டு போனாள். எல்லோரையும் போல் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நவம்பர் மாதம், பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது சொன்னாள்:

"டேய் மெர்ல், எனக்கும் ஒரு கப்பல் வேணும்."

"எதுக்குக்கா? ஷெல்ஃப்ல வைக்கவா?"

"சண்டைக்கு."

மெர்ல் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான். "அக்கா, நீ ஒரு ஓட்டை விழுந்தா அழுதுடுவ. அப்புறம் அதுவும் மூலையில கிடக்கும், நீ பாதியில விட்ட பியானோ மாதிரி."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அன்று மனதுக்குள் ஒன்றே ஒன்று முடிவு செய்தாள்: ஒரு சண்டையை, ஒரே ஒரு சண்டையை, கடைசிவரை முடித்துவிட வேண்டும்.

முடிப்பது என்றால் அந்தக் குளத்தில் அதற்கு ஒரே பொருள்தான். குண்டு தீர்ந்த கேப்டன் "அஞ்சு" என்று கத்த வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் அவன் கப்பல் குளத்திலேயே இருக்க வேண்டும். அவனால் சுட முடியாது, அவனை யார் வேண்டுமானாலும் சுடலாம். ஐந்து நிமிடமும் மிதந்தால்தான் கரை சேர உரிமை.

குளிர்காலம் முழுவதும் கார் ஷெட்டில் அவள் கப்பல் கட்டினாள். பழைய ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றின் வரைபடம், வாங்கிய அடிக்கூடு, மற்றதெல்லாம் அவள் கை. அடித்தளத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால், அது வந்து சேரும் இடத்தில் பம்பு. பிறகு வண்ணம். சாம்பல் நிறத்தை ஒரு பூச்சு பூசி, உரசி, மறுபடி பூசி, எட்டுப் பூச்சு. ஏப்ரலில் அதைக் குளக்கரை மேசையில் வைத்தபோது எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஹாலிஸே தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"கடைல வாங்கினதா?"

"கையால பண்ணினது, டாக்டர்."

பிறகு சோதனை. செங்குத்தான குழாய் வழியே ஒரு சின்ன இரும்பு எடையைப் பலகைமேல் விடுவார்கள். பலகை கிழிய வேண்டும். கிழியாத கப்பல் முழுகாது. முழுகாத கப்பலுக்குக் குளத்தில் இடமில்லை. குழாயை மெர்ல்தான் பிடித்தான். எடை விழுந்தது. டக் என்று எம்பித் துள்ளிப் புல்லில் விழுந்தது. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

ட்வைலாவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். எட்டுப் பூச்சு! மரம் கவசமாகிவிட்டது. புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தவறு இது. கப்பலை நேசிக்கிறவர்கள் மட்டுமே செய்யும் தவறு.

மெர்ல் ஹாலிஸின் காதோடு பேசினான். பேருந்தின் பின் இருக்கையில் நடக்கும் குசுகுசுப்பையும் கேட்டுப் பழகிய காதுக்கு அது தப்பவில்லை.

"விட்டுடுங்க டாக்டர். அக்காவுக்கு முதல் நாள். எப்படியும் யாரும் அவளைச் சுடப் போறதில்ல. ஓரமா ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும்."

ஹாலிஸ் தாடையைச் சொறிந்தார். "எனக்கு ஆட்சேபணை இல்ல."

எத்தனை அன்பான வார்த்தை! எத்தனை கொடுமையான வார்த்தை! யாரும் சுடப் போவதில்லையாம். பதினொரு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை, இப்போது நாற்காலியோடு தூக்கித் தண்ணீரில் மிதக்கவிடப் பார்க்கிறார்கள்.

"டாக்டர், உங்ககிட்ட பால்சா பலகை இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"ரெண்டாவது சண்டை மத்தியானம்தானே?"

"ஒரு மணிக்கு. ட்வைலா, அவசரப்படாத. எட்டுப் பூச்சு போட்டிருக்க..."

அவள் கத்தியை எடுத்தாள். முன்முனையிலிருந்து பின்முனை வரை அந்தச் சாம்பல் பளபளப்பை ஒரே இழுப்பில் அறுத்தாள். ஒரு குளிர்காலம் சுருள் சுருளாகப் புல்லில் விழுந்தது. மெர்ல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காலைச் சண்டை முழுவதும் அவள் மேசையைவிட்டு எழவில்லை. கப்பலின் எலும்புகள்மேல் புதுப் பலகையை வெட்டி ஒட்டினாள். ஈரம் புகாமலிருக்க மெல்லிய ஒரே பூச்சு, வெயிலில் உலர்த்தல். பன்னிரண்டே முக்காலுக்குக் குழாயை அவளே மெர்லிடம் தூக்கிக் கொடுத்தாள். எடை விழுந்தது, பலகையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. ஓட்டையில் ஒட்டுப் போட்டுவிட்டுக் கப்பலை இறக்கினாள். வெளிறிய, வண்ணமில்லாத, கட்டுப்போட்ட நோயாளி போன்ற கப்பல்.

"பேண்டேஜ் கப்பல் வருது, பாத்துக்க மெர்ல்" என்றான் டென்டன் என்ற தச்சன், அவள் அணிக்காரன். சுற்றிலும் சிரிப்பு.

எதிர் அணியில் மெர்ல். ஆரம்பத்தில் அவன் அவளைச் சுற்றிக்கொண்டே போனான், சுடவில்லை. ட்வைலாவின் இரண்டு பீரங்கியும் பின்பக்கம். புதியவர்களுக்கு அது தலைவலி. முன்னால் ஓட்டிக்கொண்டே பின்னால் குறிபார்க்க வேண்டும். ஆனால் நாற்பது அடிப் பேருந்தின் வால், திருப்பத்தில் எந்தப் பக்கம் எத்தனை அடி வீசும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் அவள். மெர்லின் கப்பலுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தாள், பேருந்தின் ஸ்டீரிங்கை ஒடிப்பதுபோல் சுக்கானை ஒடித்தாள். வால் வீசியது. பட் பட் பட் பட்! அவன் கப்பலின் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே வரிசையாக ஓட்டைகள்.

"அக்கா, என்ன பண்ற?"

"சண்டை போடறேன்டா."

"ஓகோ" என்றான் மெர்ல். குரல் மாறிவிட்டது. அதன்பிறகு அவன் சுற்றிப் போகவில்லை.

கால் மணி நேரத்தில் அவளுக்குக் குண்டு தீர்ந்தது. "அஞ்சு" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. வயிற்றிலிருந்து இன்னொரு முறை கத்தினாள்: "ட்வைலா, அஞ்சு!"

எதிர் அணியின் மூன்று கப்பல்கள் அவள் பக்கம் திரும்பின.

முதல் நிமிடம் ஓட்டத்தில் போயிற்று. இரண்டாவதில் பம்பு நீரை ஓர் அடி உயரம் பீய்ச்சத் தொடங்கியது. உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கரை முழுக்கத் தெரிந்தது. மூன்றாவதில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் பயந்து வேகத்தைக் கூட்டினாள். மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது.

"மெதுவா! வேகமா போனா முன்னாடி முங்கும்" என்றான் டென்டன். "பேருந்தை ஐஸ்ல ஓட்ட மாட்ட? அப்படி ஓட்டு."

வேகத்தைக் குறைத்தாள். மூக்கு எழுந்தது. ஆனால் மெதுவாகப் போகிற கப்பலை மெர்ல் பிடித்துவிட்டான். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அக்கா என்ற ஈவு இரக்கமே இல்லாமல், மிச்சமிருந்த குண்டையெல்லாம் இறைத்தான்.

"நாலு நிமிஷம்" என்றார் ஹாலிஸ்.

மேல்தளத்தில் தண்ணீர் ஏறியது. பீரங்கிக் கோபுரங்கள் மட்டும் தெரிந்தன. ட்வைலாவின் கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டியது. விடாதே, விடாதே என்று கப்பலுக்குச் சொன்னாளோ தனக்குச் சொன்னாளோ. ஐஸ் சாலையில் குழந்தைகளை ஏற்றிப் போகும் கையோடு, நூல் அளவு நூல் அளவாகக் கப்பலைத் திருப்பினாள். பம்பின் தாரை நிற்கவில்லை.

"முப்பது வினாடி." ஹாலிஸ் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பத்து." யாரோ எண்ணத் தொடங்க, எதிரிகளும் சேர்ந்து எண்ணினார்கள்.

"நேரம் முடிஞ்சது! ட்வைலா கரைக்கு வரலாம்!"

அவள் உடுத்திய உடையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கப்பலைத் தூக்கினாள். எல்லா ஓட்டைகளிலிருந்தும் நீர் பீறிட்டு அவள் மார்பையும் முகத்தையும் நனைத்தது. பிள்ளை பெற்றவள்கூட அப்படி நிமிர்ந்து நடந்திருக்க மாட்டாள்.

ஓட்டையை எதிரிதான் எண்ண வேண்டும். எண்ணியவனே ஒட்டவும் வேண்டும், அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். மெர்ல் பசையோடு வந்து உட்கார்ந்தான். அவன் கப்பலை அவள் எடுத்துக்கொண்டாள்.

"எழுபத்தொண்ணு" என்றான், எண்ணி முடித்து. "இவ்வளவு வாங்கிட்டு என் கப்பல்கூட மிதந்ததில்ல."

"உன்னோடதுல பத்தொன்பது. தண்ணிக்குக் கீழ பதினாலு."

"தெரியும். பம்பு சத்தம் கேட்டுச்சே." அவன் தலை நிமிரவில்லை. "காலையில நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

மெர்ல் ஓர் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி, பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த மாசம் முதல் நிமிஷத்துலயே உன்ன முழுக அடிக்கப் போறேன்க்கா."

"அடி" என்றாள் ட்வைலா. "அந்தப் பசைய இப்படித் தள்ளு."