பொன்னுதுரையின் சொந்தத் தண்ணீர்

நாற்பது வயதுவரை பொன்னுதுரை எதிலும் முதலாவதாக வந்ததில்லை. காஜா பேராங் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மற்றவர்களின் சக்கரங்களை ஓடவைப்பதில் கெட்டிக்காரர். அலோர் காஜாவரை போய்த் திரும்பும் வருடாந்தர சைக்கிள் பந்தயத்தில் தாகம்தான் அவரைக் கீழே இறக்கிவிடும். வழியில் செங் என்ற ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு காலை ஊன்றி மோர் குடிப்பார். நலம் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வார். அதற்குள் மருதமுத்து முந்திவிடுவான். அவரிடமே சங்கிலி மாற்றிக்கொண்டு அவரையே ஜெயிக்கிற லாரி ஓட்டுநர் அவன்.

நாடு சுதந்திரம் அடைந்த கையோடு அந்த வருடப் பந்தயம் வந்தது. ஊரே அந்தச் சொல்லை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. பொன்னுதுரை கொஞ்சம் அதிகமாகவே விழுங்கிவிட்டார். தாகத்துக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பவன் எப்படி விடுதலை பெற்றவன் ஆவான் என்று டயருக்கு ஒட்டுப்போட்டபடியே கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். பதிலைத்தான் வீட்டு அலமாரியில் தேடினார்.

மனைவி பாக்கியலட்சுமியின் இடுப்புவலிக்கு வாங்கிய ரப்பர் வெந்நீர்ப் பை அங்கே இருந்தது. அதன் மூடியில் துளை போட்டு நீண்ட ரப்பர் குழாயைச் செருகினார். பையைப் பழைய பட்டாளத்து முதுகுப்பைக்குள் வைத்துத் தைத்தார். குழாயின் நுனி தோள்மேலாக வந்து வாய்க்கு எட்டியது. அதைத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் அடைத்தார்.

“என் இடுப்புக்கு வாங்குனதை உங்க முதுகுல கட்டிக்கிட்டா, நான் என்னாத்தை வச்சு ஒத்தடம் குடுக்கிறது?”

“ஒரு நாளைக்குத்தான்லா. ஜெயிச்சா புதுசு வாங்கித் தர்றேன்.”

“பந்தல்ல நாங்கதானே மோர் கரைக்கிறோம். நின்னு ஒரு வாய் குடிச்சா என்னாங்க?”

“நின்னு நின்னுதான் வருஷா வருஷம் தோத்தேன். இனிமே யார்கிட்டயும் கை நீட்டமாட்டேன்.”

“சோத்துக்கு மட்டும் நீட்டுவீங்க.”

பந்தயத் தொடக்கத்தில் மருதமுத்து அவரைச் சுற்றி வந்து பார்த்தான். “என்னா அண்ணே, ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வர்றீங்க?”

பொன்னுதுரை தலையை மட்டும் ஆட்டினார். வாயில் குழாய் இருந்தது. தண்ணீரில் ரப்பர் வாடை அடித்தது. ஆனாலும் சொந்தத் தண்ணீர்.

செங் பந்தலை அவர்தான் முதலில் நெருங்கினார். பாக்கியலட்சுமி டம்ளரை நீட்டினாள். உதவிக்கு வந்திருந்த கம்போங் செட்டி கிராமத்துப் பெண்மணி, “மினும் டுலு!” என்று மலாயில், குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கூவினாள். அவர் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்தார். பந்தலில் நீட்டிய டம்ளர் கீழே இறங்கியது. மோர் வேண்டாம் என்பதை யாரும் மோரைப் பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

காட்டிய வேகத்தில் கிளிப் கழன்று சாலையில் விழுந்தது. குழாய் சட்டைக்குள் சரிந்து தொங்கியது. நெஞ்சும் வயிறும் நனைந்தன. வியர்வை என்று நினைத்தார். இப்படி ஒருநாளும் உழைத்ததில்லை என்று தம்மையே மெச்சிக்கொண்டார். அலோர் காஜாவில் முதல் ஆளாகத் திரும்பியபின் குழாயை உறிஞ்சினார். காற்று வந்தது.

வெயில் ஏறிவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மறுபடி பந்தல் தெரிந்தபோது பாக்கியலட்சுமி டம்ளரோடு சாலை ஓரத்துக்கே வந்து நின்றிருந்தாள். இப்போது நின்றால், பேசிய பேச்செல்லாம் அந்த டம்ளருக்குள் போய்விடும். பொன்னுதுரை வெறுங்குழாயை வாயில் வைத்து, கன்னம் ஒடுங்க உறிஞ்சியபடி அவளைக் கடந்தார். காற்றை அவ்வளவு திருப்தியோடு யாரும் குடித்திருக்க முடியாது.

வளைவு தாண்டியதும் கண் இருட்டியது. சைக்கிளோடு லாலாங் புல்லில் சாய்ந்தார்.

மருதமுத்து பந்தலில் காலை ஊன்றி இரண்டு டம்ளர் மோர் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டு வந்தான். “அண்ணே, படுத்துக்கிட்டே ஓட்டுறீங்களா?” என்றவன் முகத்தைப் பார்த்ததும் பயந்து, “அக்கா! அண்ணன் விழுந்துட்டாரு!” என்று பந்தல் பக்கம் கத்திவிட்டு மிதித்தான். பந்தயம் பந்தயம்தானே.

பாக்கியலட்சுமி செம்போடு ஓடி வந்தாள். அவர் கை அப்போதும் நீளவில்லை. அவள் பையின் மூடியைத் திருகித் திறந்து மோரை உள்ளே ஊற்றி மூடினாள். குழாயை அவர் வாயில் வைத்தாள்.

“யார்கிட்டயும் கை நீட்டவேணாம். உங்க பையில இருக்கிறதைத்தான் குடிக்கிறீங்க. குடிங்க.”

இரண்டு மடக்கு வந்தது. பிறகு கறிவேப்பிலை குழாயை அடைத்துக்கொண்டது. உறிஞ்சிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். கடைசியில் இரண்டு கையையும் நீட்டிச் செம்பை வாங்கினார்.

அன்று எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்தார். பல வருடம் கழித்தும், சொந்தப் பையிலிருந்து குடித்தே திரும்பியதாகக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார், கறிவேப்பிலையைச் சேர்க்கமாட்டார். ஜெயித்தால் தருவதாகச் சொன்ன புதுப் பையை அவர் வாங்கவில்லை. நிபந்தனை விஷயத்தில் கறாரான மனிதர். ஆகவே பாக்கியலட்சுமி பழைய பைக்கே வேறு மூடி போட்டுக்கொண்டாள். அவள் அதில் வெந்நீர் ஊற்றும்போதெல்லாம் வீடு முழுக்கப் புளித்த மோர் வாடை எழும்பும். அவள் பாட்டுக்கு இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். அவருக்குத்தான் உடனே கடையில் ஏதாவது வேலை ஞாபகம் வரும்.